பன்னிரண்டாவது பலகை

டார்வில் பேஸ்பால் அணியின் நூற்றுப்பத்து வருட வரலாற்றைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதித் தரச் சொன்னார்கள். மைதானத்தின் நுழைவுச் சுவரில் வரிசையாக மாட்டுவதற்காக. பதினோரு பலகை வரை சண்டை சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவதில் முற்றிவிட்டது.

கேட்டவன் பிரெண்டன் விட்டேக்கர். மூன்று வருடத்துக்கு முன் எங்கிருந்தோ வந்து அணியை வாங்கியவன். முப்பத்தைந்து வயதிருக்கும், பல் எல்லாம் ஒரே அளவு. வந்த வேகத்தில் எங்கள் அணியின் பெயரை மாற்றினான். உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதி உருவாக்குகிற ஆலைத் தொழிலாளிகள் தொடங்கிய அணி என்பதால் நூறு வருடத்துக்கு மேல் எங்களுக்கு ஊதுகுழல்காரர்கள் என்றுதான் பெயர். இப்போது ரக்கூன்கள். குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கிற பிராணியைத் தொப்பியில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் திரிகிறார்கள். தொப்பி நன்றாக விற்கிறதாம். விற்காமல் என்ன, அசட்டுத்தனம் எப்போதும் நன்றாகத்தான் விற்கும்.

நான் லொரெய்ன் குப்கா. இந்த அணியின் அதிகாரபூர்வ ஸ்கோரராக இருந்தவள். முப்பத்திரண்டு வருடம், ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் மரக்கூண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் எழுதினேன். வரலாறு எழுத என்னைக் கேட்டது அதனால்தான். வேறு யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை.

முதல் பலகையில் 1908. உலையடியில் வெந்த ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க விளையாடினார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் திட்டினார், பிறகு அவரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். 1936 வெள்ளத்தில் ஒஹையோ ஆறு எங்கள் மைதானத்தின் பின்சுவரைத் தூக்கிக்கொண்டு போனது. பதினான்கு மைல் கீழே கரை ஒதுங்கியதைக் கண்டுபிடித்து, வண்டி கட்டி ஏற்றி வந்து மறுபடி நட்டார்கள். 1951இல் தொடர்ந்து இருபத்தேழு ஆட்டம் தோற்றோம். கடைசி நாள் மூவாயிரம் பேர் வந்து எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"இருபத்தேழு தோல்வியை எதுக்குப் போடணும், லொரெய்ன்?" என்றான் பிரெண்டன். "குடும்பத்தோட வர்றவங்க படிப்பாங்க."

"படிக்கட்டும், தம்பி. அந்தக் குடும்பத்துத் தாத்தாதான் அன்னைக்கு மூணாவது தளத்துல நின்னு பந்தை விட்டாரு."

அதை விட்டுக்கொடுத்தான். சின்ன அணி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. எங்களுக்கு மேலே எப்போதும் ஒரு பெரிய நகரத்துத் தாய் அணி இருக்கும். அவர்கள் தங்கள் பையன்களை எங்களிடம் அனுப்பிப் பழக்குவார்கள். நன்றாக ஆடினால் பிடுங்கிக்கொண்டு போவார்கள், ஆடாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருடா வருடம் புதுப் பையன்கள், நாங்கள் மட்டும் அதே பெஞ்சில். நூற்றுப்பத்து வருடத்தில் ஏழு தாய் அணிகளைப் பார்த்துவிட்டோம். ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. ஒவ்வொரு தாயும் போகும்போது ஒரு கடிதம் வரும். மனமார்ந்த நன்றி என்று முடியும்.

பன்னிரண்டாவது பலகை 1986.

பிரெண்டன் அந்தப் பலகையை ட்ரெவர் லேங்டனுக்கு ஒதுக்கியிருந்தான். தாய் அணி மூட்டையாகப் பணம் கொடுத்து எடுத்த பையன் லேங்டன். எங்களிடம் நாற்பத்தோரு ஆட்டம் ஆடினான். பிறகு மேலே போய்ப் பதினான்கு வருடம் பெரிய ஆளாக இருந்தான். ஜூலை மாதம் அவனே நேரில் வந்து பலகையைத் திறக்கப் போகிறான் என்று ஊரெல்லாம் சுவரொட்டி. நான் எழுதிக் கொடுத்த பலகையில் லேங்டன் இல்லை. இப்படி எழுதியிருந்தேன்:

"1986 ஆகஸ்ட் 17. இந்த ஊரில் பிறந்த வெர்ன் சாபோ, ஒன்பது இன்னிங்சிலும் எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் பந்து வீசினார். டார்வில் வரலாற்றில் இதைச் செய்தவர் அவர் ஒருவரே. ஸ்கோர் புத்தகத்தில் ஓர் அடி இருக்கிறது. அது பொய். எழுதியது நான்."

பிரெண்டன் இரண்டு முறை படித்தான். "இதை மாட்ட முடியாது. லீக்ல ஒத்துக்க மாட்டாங்க. புத்தகத்துல இருக்கிறதுதான் வரலாறு."

"புத்தகத்தை எழுதினவளே சொல்றேன்."

"அதோட, அன்னைக்கு அந்தப் பந்தை விட்டது யாரு?"

"லேங்டன்."

"அவரு வர்ற நாள்ல அவரு விட்ட பந்தைச் சுவர்ல மாட்டச் சொல்றீங்க." சிரித்தான். "லொரெய்ன், இது கொண்டாட்டம்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் மேசையில் இருந்த ரக்கூன் பொம்மையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அதன் இடம் அதுதானே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பகலில் உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசியில் விளையாட்டு முடிவுகளைக் கேட்டு எழுதுவேன். அந்த வருடம்தான் ஸ்கோரர் நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதற்கு முன் அந்தக் கூண்டில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. கூண்டுக்குள் சுருட்டு நாற்றமும், என்னைப் பற்றி அரைகுறையாக நிறுத்தப்பட்ட நகைச்சுவைகளும் இருக்கும். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். அந்த நாற்காலி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஸ்கோரரின் வேலையில் ஒரே ஓர் அதிகாரம்தான் உண்டு. மட்டையில் பட்ட பந்து தரையோடு போய், அடித்தவன் ஓடிப்போய் முதல் தளத்தைத் தொட்டுவிட்டான் என்றால், அது அடித்தவனின் திறமையா, பிடிக்க நின்றவனின் தப்பா என்று நான் சொல்ல வேண்டும். திறமை என்றால் அடி. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்து என்றால் பிழை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு விரல் காட்டினால் எதிரே ஸ்கோர் பலகையில் எண் மாற்றுகிற பலகைக்காரர் அடி என்று போடுவார், முஷ்டி காட்டினால் பிழை. அவ்வளவுதான். அந்த விரலுக்கும் முஷ்டிக்கும் நடுவில் ஒருவன் பிழைப்பு கிடக்கும்.

வெர்ன் சாபோவுக்கு இருபத்துமூன்று வயது. அவன் அப்பா ஆலையில் உலைக்காரர், ஆலை மூடியபோது அவரும் மூடிக்கொண்டார், வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெர்னை யாரும் பணம் கொடுத்து எடுக்கவில்லை. சும்மா வந்து எறிந்து காட்டி, ஆள் குறைந்த வருடத்தில் இடம்பிடித்தவன். ஆகஸ்டில் அவனை அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தவனின் பெயர் அன்று ராத்திரியே நாடு முழுக்க எல்லா அணிக்கும் தந்தியில் போகும். அந்த வாரம் அவனை எவனும் வீட்டுக்கு அனுப்ப மாட்டான். அனுப்பினாலும் இன்னொருவன் கூப்பிடுவான்.

அந்த ஞாயிறு மதியம் ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது எதிரணி அடி பூஜ்யம். இப்படி நடக்கும்போது அதை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் கலைந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பெஞ்சில் வெர்ன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டாயிரம் பேரும் அதைத்தான் நினைத்தார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்கோரர்களுக்குள்ளும் ஒரு வழக்கம் உண்டு: இப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் அடி சந்தேகமே இல்லாத அடியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எறிகிறவன் பக்கம்.

எட்டாவது இன்னிங்சில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆள் தரையோடு ஒரு பந்தை உருட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளை எடுக்கிற பந்து. லேங்டன் இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவில் நின்றான். பந்து அவன் கையுறையின் அடியில் பட்டு இரண்டு காலுக்கும் நடுவில் போய்ப் புல்லில் நின்றது.

கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். முஷ்டியாகத்தான் நீட்டினேன், சத்தியமாக. பலகைக்காரர் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். அணியின் மேலாளர் ஃப்ரெட் ஓஸ்மண்ட்.

"அடி," என்றார் மெதுவாக.

"ஃப்ரெட், காலுக்கு நடுவுல போச்சு."

"எனக்குக் கண்ணு இருக்கு, கண்ணு. கீழே மூணாவது வரிசையில வெள்ளைத் தொப்பி ஒருத்தன் இருக்கான் பாரு. தாய் அணிக்காரன். அடுத்த மாசம் நம்ம ஒப்பந்தம் முடியுது. அவங்க தங்கப் பிள்ளைக்கு ஏற்கனவே இருபத்தொன்பது பிழை. முப்பதாவதை இந்த ஊர்க்காரி எழுதினான்னு போய்ச் சொல்லுவான். அப்புறம் இந்த ஊருக்கு அணி கிடையாது. ஆலை போச்சு. இதுவும் போகணுமா?"

கீழே வெள்ளைத் தொப்பியைப் பார்த்தேன்.

"அடுத்த வருஷமும் இந்த நாற்காலி உனக்கு வேணும்ல?"

ஒரு விரல் காட்டினேன்.

இரண்டாயிரம் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வெர்ன் பந்தெறிகிற மேட்டில் நின்று ஸ்கோர் பலகையைப் பார்த்தான். பிறகு அடுத்த நான்கு பேரையும் வரிசையாக அவுட்டாக்கி, ஆட்டத்தை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தான். கைகூடத் தட்டாமல் ஜனங்கள் கலைந்தார்கள்.

ஸ்கோரர் தன் முடிவை மாற்றிக்கொள்ள அப்போது இருபத்துநான்கு மணி நேரம் அவகாசம் உண்டு. லீக் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். திங்கட்கிழமை முழுக்க என் மேசையில் போன் இருந்தது. பந்துருட்டுப் போட்டி முடிவு, மீன்பிடிப் போட்டி முடிவு எல்லாம் அதில் கேட்டு எழுதினேன். ஊருக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசணிக்காய் பெரிதாக இருந்தது, சோறுதான் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை வெர்னை அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்தத் தாய் அணியும் போனது. மனமார்ந்த நன்றி என்று கடிதம் வந்தது. ஃப்ரெட் ஓஸ்மண்ட் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். செத்துப்போன மனிதரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

வெர்ன் ஊரிலேயே தங்கி, வீட்டுக் கொதிகலன்களைப் பழுது பார்க்கிற தொழில் செய்தான். மதுக்கடையில் யாராவது அந்த ஆட்டத்தைக் கிளறினால், "புதுசா வந்த பொண்ணு, வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். விடு," என்பானாம். என் காதுக்கு வந்தது. என் வீட்டுக் கொதிகலனையும் அவன்தான் பார்ப்பான். வேலையை முடித்துவிட்டு என்னிடம் ஒழுங்காகப் பேசுவான். அவனுக்குத் தெரியாது, நம்பிவிட்டான் என்று முப்பத்திரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். நிம்மதி என்ற வார்த்தை கொஞ்சம் அதிகம்.

ஜூலை விழாவில் பலகையில் லேங்டன் படம்தான் இருக்கப் போகிறது என்று உறுதியானதும் ஒரு முடிவுக்கு வந்தேன். லேங்டன் பேசி முடித்ததும் கூண்டிலிருக்கும் அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லிவிடுவது. வெர்ன் வர வேண்டுமே என்று பயந்தேன். வந்திருந்தான். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்புப் போயிருந்தது. முதல் தளத்துக்கு எதிர்ப்பக்கம் மனைவி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தான். ரக்கூன் தொப்பியை மடியில் வைத்திருந்தான், போட்டுக்கொள்ளவில்லை.

லேங்டன் மைதானத்தின் நடுவில் நின்றான். தலை நரைத்திருந்தது, நன்றாகப் பேசினான். ஊரைப் புகழ்ந்தான், ஆற்றைப் புகழ்ந்தான், ஹாட் டாக்கைப் புகழ்ந்தான்.

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா?" என்றான். "இங்க ஒரு நாள் ஒரு பந்து என் காலுக்கு நடுவுல போச்சு. எங்க அம்மா வந்து நின்னிருந்தாகூடப் பிடிச்சிருப்பாங்க. மேல இருந்த ஸ்கோரர் அம்மா அதை அடின்னு போட்டாங்க. அன்னைக்கு எறிஞ்ச பையன் யாருன்னு பேரு மறந்துபோச்சு, அவன் என்னைக் கொன்னிருப்பான். அந்த அம்மா இப்பவும் இங்கதான் இருக்காங்களாமே. ரொம்ப நன்றிம்மா. உங்களாலதான் நான் பிழைச்சேன்."

ஸ்டாண்டே சிரித்தது. நாலாயிரம் பேர். திரும்பி மேலே பார்த்து எனக்குக் கை தட்டினார்கள். பிரெண்டன் கீழேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வெர்ன் எழுந்து படியில் இறங்கிப் போனான்.

என் வயதுக்கு அந்தப் படிகளில் ஓடக்கூடாது, ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தில் அவன் லாரிக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். தலைக்கு மேல் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் லேங்டன் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

"வெர்ன், நில்லு. நான் சொல்லப்போறேன். எல்லாருக்கும் சொல்லப்போறேன்."

"என்னத்தை?"

"அது பிழை. நான் தெரிஞ்சேதான் அடின்னு போட்டேன்."

"தெரியும்."

அவன் அதைக் கதவைத் திறந்துகொண்டே சொன்னான்.

"மேட்டுல இருந்து கூண்டு நல்லாவே தெரியும், லொரெய்ன். நீ முஷ்டி காட்டினே. நான் பார்த்தேன். அப்புறம் திரும்பி ஓஸ்மண்ட் மூஞ்சியைப் பார்த்தே. அப்புறம் விரலைக் காட்டினே."

லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் ஏன்டா ஊரெல்லாம் வெயில் அது இதுன்னு சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? ஒரு பொண்ணு நாற்காலிக்காக என்னை வித்துட்டான்னா? எனக்குத்தான் அசிங்கம்." அவன் குரல் உயரவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "தப்பு பண்ணியிருந்தா பரவாயில்ல. நானும் எத்தனையோ பந்தைத் தப்பா எறிஞ்சிருக்கேன். திங்கட்கிழமை நாலு மணி பத்து நிமிஷம் வரைக்கும் உனக்கு நேரம் இருந்துச்சு. எங்க அம்மா யாரையும் போனைத் தொட விடல. எங்கப்பா அஞ்சு வருஷத்துல முதல் தடவையா ரூமை விட்டு வெளிய வந்து போனுக்குப் பக்கத்துல உட்கார்ந்தாரு. நாலு பத்துக்கு எழுந்து மறுபடி உள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் அவரு வெளிய வரவே இல்ல."

"வெர்ன்."

"உன்கிட்ட அதை நான் சொன்னதே இல்ல. ஏன் தெரியுமா? நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல ஆறு தெரு. முப்பத்திரண்டு குளிர்காலம் உன் கொதிகலனுக்கு முன்னாடி மண்டி போட்டுக்கிட்டு, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு காத்திருந்தேன். நீ காபி குடிக்கிறியான்னு கேட்டே."

"இப்ப சொல்றேன்."

"இப்பதான் லேங்டன் சொல்லிட்டானே. எல்லாரும் சிரிச்சாங்க, கேக்கலியா?"

கதவைச் சாத்திக்கொண்டான். நான் திரும்பி நடக்கிறவரை வண்டியைக் கிளப்பவில்லை.

நான் மறுபடி மேலே ஏறினேன். எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை, அதற்குள் பேச்செல்லாம் முடிந்து ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அவர் நல்ல மனிதர், ஏதோ கேட்க வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான்தான் லேங்டன் சொன்ன ஸ்கோரர்," என்றேன். "சிரிச்சவங்க கேளுங்க. எறிஞ்ச பையனுக்குப் பேரு இருக்கு. வெர்ன் சாபோ. நம்ம ஊரு. ஆலைக்காரர் பையன். ஆகஸ்ட் பதினேழு அன்னைக்கு அவன் ஒரு அடிகூடக் கொடுக்கல. அதை நான் பார்த்தேன். பார்த்துட்டே பொய் எழுதினேன். வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாற்காலிக்காக எழுதினேன். மாத்துறதுக்கு ஒரு நாள் இருந்துச்சு, மாத்தல. அவன் வீட்ல போனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் பன்னிரண்டாவது பலகை பொய். இத்தனை வருஷம் நீங்க என்கிட்ட குட் ஈவினிங் சொன்னதெல்லாம் ஒரு பொய்க்காரிகிட்ட சொன்னது."

யாரும் சிரிக்கவில்லை. கீழே எங்கோ ஒருவன், "ஆட்டத்தை ஆரம்பிங்கப்பா," என்றான். யாரோ அவனை அதட்டினார்கள். பிரெண்டன் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்துகொண்டிருந்தான். அந்த நாற்காலியில் அன்று முதல் வேறு ஆள்.

கூண்டின் பின்ஜன்னல் வழியே பார்த்தேன். வெர்னின் லாரி வெளிவாசலில் நின்றிருந்தது. முன்னால் வேறு வண்டி எதுவும் இல்லை, சாலை காலியாக இருந்தது. ஆனாலும் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் மைக்கைக் கீழே வைத்த பிறகும் கொஞ்ச நேரம் எரிந்தது. அப்புறம் அணைந்தது. லாரி ஆற்றுச் சாலைப் பக்கம் திரும்பிப் போனது.

மன்னித்தானா என்று ஊரில் என்னைக் கேட்கிறார்கள். அவனிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வண்டியை நிறுத்தி முழுக்கக் கேட்டான். இந்தக் குளிர்காலம் கொதிகலன் பழுதானபோது கூப்பிட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.